கூரைக்காரருக்கு ஒரு நீதி, கார்ப்பரேட்டுக்கு ஒரு நீதி

வீட்டுக்கூரை சூரிய மின்திட்டத்திற்கு 75,021 கோடி ரூபாயை 2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை அறிவித்தது. ஒரு கோடி வீடுகள், மாதம் 300 யூனிட் வரை இலவசம், உபரியை விற்று வருமானம் என்றெல்லாம் மோடி அரசு முழங்கியது. (சொந்தக் கூரையற்ற வாடகைக் குடித்தனங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது தனிக்கேள்வி.)

அந்த வருமானத்தின் கதை என்ன? மின்தொகுப்புக்குச் செல்லும் உபரி, முதலில் பில்லில் கழிக்கப்படுகிறது. ஆண்டிறுதியில் எஞ்சுவதற்கே பணம். பல மாநிலங்களில் அதுவும் வீட்டுக்காரர் செலுத்தும் கட்டணத்தைவிட மிகக் குறைந்த விலையில். அதே மின்சாரம் அடுத்த வீட்டுக்கு முழுக் கட்டணத்தில் விற்கப்படுகிறது!

நுகர்வோர் பாக்கி வைத்தால் 15 நாள் அறிவிப்பில் ஃபியூசைப் பிடுங்க, 2003 மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அதிகாரமளிக்கிறது. தனியார் மின் உற்பத்தி நிறுவனங்களுக்குப் பாக்கி வைத்தாலோ, ஒன்றிய அரசின் 2022 விதிகளின்படி மின்வாரியங்கள் தாமதக் கூடுதல் தொகை கட்டியாக வேண்டும். மின்வாரியங்களை நொடிக்கச் செய்வதில் இதற்கும் பங்குண்டு. கூரைக்காரரின் பாக்கிக்கு அந்த விதிகளில் இடமில்லை. அவர் குறைதீர் மன்றத்தின் படியேறிக் காத்திருக்க வேண்டியதுதான்.

உபரிக்கு நியாய விலை, குறித்த தேதியில் வங்கிக் கணக்கில் பணம், தவறினால் பெருநிறுவனங்களுக்குக் கிடைக்கும் அதே விகிதத்தில் கூடுதல் தொகை: இவற்றை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களின் பொது விசாரணைகளில் நம் கிளைகள் எழுத்துமூலம் கோர வேண்டும்.