பழைய மாண்டலினும் ஒரு கல்யாணப் பத்திரிகைத் துண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சும்மா கிடக்கும் மாண்டலினை விற்க நினைப்பவர்களும், பிள்ளைக்குப் பழசாக ஒன்று வாங்கலாம் என்று தேடுபவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் என் பேத்திக்கு ஒன்பது வயது. மாண்டலின் ஸ்ரீனிவாஸின் பழைய கச்சேரி ஒன்றை என் மொபைலில் பார்த்துவிட்டு, "தாத்தா, எனக்கும் அந்தக் குட்டி கிதார் வேணும்" என்று பிடித்துக்கொண்டாள். புதிதாக நல்லது வாங்கப் பென்ஷன் இடம் கொடுக்கவில்லை. எத்தனை நாள் வாசிப்பாளோ என்ற சந்தேகம் வேறு. பக்கத்து ஊரில் ஒருவர் விற்கிறார் என்று தெரிந்து போனேன். எட்டுத் தந்தி போட்ட சாதாரண மாண்டலின், எலக்ட்ரிக் அல்ல. "பையன் நாலு மாசம்தான் சார் வாசிச்சான். அப்புறம் டியூஷன்னு விட்டுட்டான். ஒரு ரிப்பேரும் கிடையாது" என்றார். பார்க்கப் பளபளவென்று இருந்தது. 4,000 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

ஆறு மாதம் வகுப்புக்குப் போனாள். விரல் நுனியெல்லாம் சிவந்து வீங்கும். ஒரு நாள் வாத்தியார் என்னைத் தனியாக அழைத்து, "சுருதியே சேரலை சார். குழந்தைக்குக் காது இல்லை. டிராயிங்ல சேர்த்து விடுங்க" என்றார். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டாள். அன்று முதல் "எனக்கு வராது தாத்தா" என்பதே பேச்சு.

34 வருடம் வகுப்பறையில் நான் கேட்ட வாக்கியம் அது. நாலாம் வகுப்பில் ஒரு பையன் போர்டில் உள்ள கணக்கைத் தப்புத் தப்பாகவே எழுதுவான். அரை வருடம் திட்டினேன். கண் முகாமில் பரிசோதித்தபோதுதான் அவனுக்குப் போர்டே சரியாகத் தெரியவில்லை என்று தெரிந்தது. அந்த நினைப்பு உறுத்தியதால் மாண்டலினைத் தூக்கிக்கொண்டு திருச்சியில் கிதார் ரிப்பேர் செய்யும் ஒரு தம்பியிடம் போனேன்.

அவர் முதலில் பார்த்தது ஃப்ரெட்டுகளைத்தான் (வீணையில் மெட்டு என்போமே, அதுதான்). இரண்டாவதிலிருந்து ஐந்தாவது வரை தந்தி பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. "இது நாலு மாசத் தேய்மானம் இல்லை ஐயா, பல வருஷம்" என்றார். தேய்ந்த ஃப்ரெட்டில் தந்தி இரையும். அந்த இரைச்சல் எனக்குக் கேட்காமல் இருக்க என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? தந்தியைத் தாங்கும் குதிரைக்கு அடியில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை நாலாக மடித்துச் சொருகியிருந்தார்கள். தந்தி மேலே ஏறிவிட்டது, இரைச்சல் போய்விட்டது. ஆனால் உயரத்தில் இருக்கும் தந்தியை அழுத்தினால் அது அதிகமாக இழுபடும், சுருதி கூடிவிடும். குழந்தை எவ்வளவு சரியாக விரல் வைத்தாலும் அபஸ்வரம்தான் வரும். காது கோளாறு இல்லை, காகிதக் கோளாறு.

இதைத்தான் சொல்ல வந்தேன். பழைய மிக்ஸியில் குறையை மறைத்து விற்றால் சட்னி அரையாது, அதோடு போயிற்று. வாத்தியத்தில் மறைத்தால் ஒரு குழந்தை தனக்கு ஞானமே இல்லை என்று நம்பிவிடுகிறது. ஸ்ரீனிவாஸின் குரு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் கேட்டு வாசிப்பான். காதை நம்பி வளர்ந்த வித்தை அது. அந்தக் காதையே பொய்யாக்குகிற கருவியை ஒரு பிள்ளையின் கையில் கொடுப்பது என் கணக்கில் பாவம்.

விற்பவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குறையைச் சொன்னால் நாம் உடனே பாதி விலைக்குக் கேட்கிறோம். உண்மை சொன்னவனுக்கு அபராதம் போட்டால் எவன் சொல்வான்?

வாங்கப் போகிறவர்கள் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். 12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி, உடனே விரலை எடுத்தால் மணி போல் ஒரு நாதம் வரும். அடுத்து அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். காதுக்குத் தெரியாவிட்டால் மொபைலில் டியூனர் ஆப் காட்டிவிடும். இரண்டும் சேராவிட்டாலும் பயந்து ஓடி வந்துவிடாதீர்கள். சாதாரண மாண்டலினில் குதிரையை ஒட்டியிருக்க மாட்டார்கள், தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். எல்லாத் தந்தியையும் ஒரேயடியாகக் கழற்றினால் இடம் நகர்ந்துவிடும். அப்படியென்றால் காசு செலவில்லாமல் நகர்த்திச் சரி செய்துவிடலாம். கழுத்து வளைந்திருந்தால்தான் கஷ்டம். எலக்ட்ரிக் என்றால் ஆம்ப்ளிஃபையரில் போடாமல் வாங்கவே வாங்காதீர்கள். வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரப்பு இருக்கிறதா, ஜாக்கை அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா பாருங்கள். கமகத்துக்குத் தந்தியை இழுத்து இழுத்து வாசித்ததாக இருந்தால் ஃப்ரெட் கட்டாயம் தேய்ந்திருக்கும்.

பேத்தி இப்போது ஐந்து தந்தி எலக்ட்ரிக்குக்கு மாறிவிட்டாள். அதுவும் பழசுதான். விற்ற அம்மா "இரண்டாவது தந்தியின் சாவி வழுக்கும் சார், மாத்திக்கோங்க" என்று முதலிலேயே சொன்னார். நான் ஒரு ரூபாய் குறைக்கக் கேட்கவில்லை.

ஆகவே அந்தப் பழைய மாண்டலின் விற்பனைக்கு. "இதையெல்லாம் எழுதினா யார் மாமா வாங்குவா?" என்று மாப்பிள்ளை சிரிக்கிறார். இருக்கட்டும். நாலு ஃப்ரெட் புதிதாகப் போட்டிருக்கிறது, மற்றவை பழையவை. பின்பக்கம் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கீறல், ஒலியைப் பாதிக்கவில்லை. குதிரையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சக்கரம் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. விலை 2,500. வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வந்து வாசித்துப் பார்த்த பிறகே பணம்.