கிறீஸ் படிந்த கைகளுக்குப் பொன்னாடை இல்லை

வெள்ளவத்தையில் ஒரு தமிழன் தன் வீட்டு வாசலில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ஒழுங்கையால் போகிறவர்கள் அவனைப் பற்றி மூன்று முடிவுகளில் ஒன்றுக்கு வந்துவிடுவார்கள். அவனுக்கு வேலை போய்விட்டது, அல்லது கையில் காசு இல்லை, அல்லது மூளை பிசகிவிட்டது. பட்டம் பெற்றவன், ஐம்பதைக் கடந்தவன், பத்திரிகையில் எழுதிப் பிழைப்பவன் தன் விருப்பத்தோடு கையில் கிறீஸைப் பூசிக்கொள்வான் என்பதை எங்கள் சமூகத்தால் நம்ப முடிவதில்லை. இரண்டு வருடங்களாக அந்தப் பார்வைகளை ஞாயிறு தோறும் வாங்கிக்கொண்டிருப்பவன் என்ற உரிமையோடு எழுதுகிறேன். இந்தப் பார்வை பிழையானது. அது எங்களுக்கு ஈடுசெய்ய இயலாத நட்டத்தையும் தந்திருக்கிறது.

வண்டி, பீ.எஸ்.ஏ. நிறுவனத்தின் பன்ரம். 123 சி.சி., மூன்று கியர், டூ ஸ்ட்ரோக் எஞ்சின். கொட்டாஞ்சேனையிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம் பின்வளவில் விட்டுச் சென்றது. பழைய இரும்புக்காரனிடம் போகவிருந்ததை நான் கேட்டு வாங்கினேன். அதன் பிறப்பு சுவையானது. ஜெர்மனியின் டீ.கே.டபிள்யூ. நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் வடிவமைத்த ஆர்.டீ. 125 என்னும் வண்டியின் வரைபடங்கள், போரில் வென்றவர்களுக்கு நட்டஈடாகக் கிடைத்தன. பிரிட்டனில் அது 1948இல் பன்ரம் ஆயிற்று. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும் அதே வடிவத்தில் ஒரு சிறிய வண்டி செய்தது. சோவியத் நாட்டிலும் அது உருவாயிற்று. சங்கீத வாத்தியங்கள் செய்துகொண்டிருந்த யமஹா, 1955இல் வெளியிட்ட தன் முதலாவது மோட்டார் சைக்கிளையும் அதே ஜெர்மன் வண்டியை அடியொற்றித்தான் செய்தது. இன்று காலி வீதியில் எங்கள் பிள்ளைகள் யமஹாவில் பறக்கிறார்கள். அந்த யமஹா, இன்னொருவர் செய்த பொருளைப் படித்துத் தன் தொழிலைக் கற்றுக்கொண்டது. அதை வெட்கம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

கழற்றிப் பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள். பன்ரம் வண்டியின் நட்டுகளுக்கு இன்று கடையில் வாங்கும் மில்லிமீற்றர் ஸ்பனர் பொருந்தாது. பொருந்துவதுபோலத் தோன்றும், பலமாகத் திருப்பினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். 1841இல் ஜோசப் விட்வர்த் என்ற ஆங்கிலேயர் திருகாணிகளுக்கு ஒரு பொது அளவை முன்மொழிந்தார். ஒரு பேரரசின் இயந்திரங்கள் நெடுங்காலம் அந்த அளவுமுறையில் ஓடின. அடுத்தது எஞ்சின். இந்த வகை எஞ்சினில் பிஸ்ரன் மேலே போகும்போது அடியிலுள்ள அறை பெற்றோல் கலந்த காற்றை உறிஞ்சும்; பிஸ்ரன் இறங்கும்போது அதே அறை அதை அழுத்தி மேலே தள்ளும். அந்த அறையில் சுழலும் தண்டின் இரு பக்கமும் உள்ள சீல்கள் காய்ந்து வெடித்திருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். கலவை மெலியும், எஞ்சின் சூடேறும், ஸ்டார்ட் ஆக மறுக்கும். கார்புரேற்றரை நூறு தடவை கழுவினாலும் பயனில்லை. நோய் ஓரிடம், அறிகுறி வேறிடம். இதை வைத்தியத்தில் சொன்னால் அறிவு என்கிறோம், கராஜில் சொன்னால் அனுபவம் என்று இறக்கிவிடுகிறோம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பையன் இருக்கிறான். உயர்தரத்தில் மூன்று ஏ, பொறியியல் பீடத்துக்குத் தெரிவானவன். வெப்ப எஞ்சினின் வினைத்திறனுக்குரிய சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவான். ஸ்பார்க் பிளக் ஒன்றை அவன் முதன்முதலாகக் கையில் எடுத்தது என் வாசலில்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் விரலில் பேனை மையைத் தவிர வேறு கறை படக்கூடாது என்று காத்து வளர்த்த பெற்றோரையும் ரியூஷன் கொட்டில்களையும் குறை சொல்வேன்.

பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பாருங்கள். பழைய உதிரிப்பாகங்களின் அந்தத் தெருக்களில் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோரும் ஒரே கறுப்புக் கையோடு நிற்கிறார்கள். அங்கே ஒரு முஸ்லிம் பெரியவர், நான் நானா என்று அழைப்பவர், லேத் இயந்திரத்தின் முன் நாற்பது வருடங்கள் நின்றவர். தேய்ந்துபோன என் பித்தளை புஷ்ஷைக் கையில் உருட்டிப் பார்த்தார். தண்டையும் கேட்டு வாங்கி அளந்தார். “தண்டும் ஒரு பக்கம் தேஞ்சிருக்கு, புஷ்ஷ மட்டும் மாத்தினா ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க” என்றார். இரண்டையும் ஒன்றுக்கொன்று இசைவாகச் செய்து தந்தார். அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. அவருக்குப் பின் அந்த லேத்தில் நிற்க ஆளும் இல்லை.

இந்த இழிவுணர்வு எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரன் தந்த கிளார்க் உத்தியோகத்திலிருந்து என்று சொல்லித் தப்பிக்கொள்வது எங்கள் வழக்கம். அது பாதி உண்மை. மீதிப் பாதி எங்கள் சாதியில் இருக்கிறது. இரும்பையும் மரத்தையும் தோலையும் தொட்டு வேலை செய்தவனைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியவர்கள் நாங்கள். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி ஒரு புவிச்சரிதவியலாளராக இந்நாட்டில் பணியாற்றத் தொடங்கி, பின்னர் கண்டிய கைவினைஞரின் உளியையும் உலையையும் தேடிப்போய், 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். கைவினைஞனின் அறிவை அறிவாகவே மதித்த அந்தத் தமிழரின் பெயரை வீதிக்குச் சூட்டினோம். அவர் சொன்னதை வீட்டுக்குள் விடவில்லை.

நட்டம் என்றேன். அது யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1990இல் மீண்டும் போர் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் போவது தடைசெய்யப்பட்டது. மின்சாரமும் நின்றது. ஆனாலும் மோட்டார் சைக்கிள்களும் பழைய மொறிஸ் மைனர் கார்களும் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் கார்புரேற்றரில் செலுத்தி ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். பெற்றோலுக்கென்று செய்த எஞ்சின் மண்ணெண்ணெயில் இடிக்கும், பிளக்கில் கரி கட்டும், எரியாத எண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். இவை ஒவ்வொன்றுக்கும் அங்கிருந்த மெக்கானிக்குகள் தங்கள் வழியில் பரிகாரம் தேடினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் அதே மக்கள்தாம். தென்னிலங்கைப் பொறியியலாளர் எவரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை.

அந்த அறிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? போரைப் பற்றிக் கவிதைத் தொகுதிகள் இருக்கின்றன, நாவல்கள் இருக்கின்றன, ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் வெளியீட்டு விழாக்கள் நடக்கின்றன. எந்த வண்டிக்கு எந்த மெக்கானிக் என்ன மாற்றம் செய்தார், எது பலித்தது, எது எஞ்சினை நாசமாக்கியது என்று சொல்லும் ஒரு கையேட்டை நான் கண்டதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததற்கு நாங்கள் இன்றும் அழுகிறோம், அழ வேண்டியதுதான். ஆனால் எழுதப்படாத நூலகங்கள் ஒவ்வொன்றாகச் சுடலைக்குப் போகும்போது எங்கள் வீட்டில் அடுப்பு அணைவதில்லை. அவற்றை எரிக்க எதிரி எவரும் வரவேண்டியதில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2020 மார்ச்சில் இந்நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025இல். இடைப்பட்ட சுமார் ஐந்து வருடங்கள் இருந்த வாகனங்களை ஓடச் செய்தவர்கள் யார்? 2022 நடுப்பகுதியில் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றார்கள். அந்த 4 லீற்றரில் கூடுதலான மைல் ஓட வண்டியைச் சீராக்கித் தந்தவருக்கு நாங்கள் கொடுத்தது கூலி மட்டுமே. அதிலும் பேரம் பேசினோம்.

மறுப்புகளையும் கேட்டுவிட்டேன். “இந்தக் காசுக்குப் புதிய வண்டி வாங்கலாமே” என்கிறார் ஒரு நண்பர். வாங்கலாம். அது பழுதானால் அவர் செய்யக்கூடியது ஏஜென்சிக்குத் தொலைபேசி எடுப்பது மட்டும்தான். “புகை கக்குமே” என்கிறார் இன்னொருவர். கக்கும். ஞாயிறு காலை இரண்டு மைல் ஓடும் வண்டியின் புகையைப் பற்றி, தினமும் பிள்ளையைத் தனியாக ஜீப்பில் பாடசாலைக்கு அனுப்புகிறவர் பேசக்கூடாது.

மூன்றாவது கூட்டத்தாரோடு எனக்குச் சமரசமே இல்லை. இங்கிலாந்திலிருந்து எல்லா உதிரிப்பாகங்களையும் தருவித்து, குரோம் மினுங்க, வண்டியை வரவேற்பறையில் நிறுத்திவைக்கும் பணக்காரர்கள் அவர்கள். பழைய உலோகத்தில் ஒரு பிடியும் மிஞ்சவில்லை. வேலை செய்தவனின் பெயர் அங்கே எவருக்கும் தெரியாது. படம் எடுக்க நிற்பவர் உரிமையாளர். சாதி மாறவில்லை, சட்டை மாறியிருக்கிறது.

என் பன்ரம் இன்னும் முழுமையாகவில்லை. கடற்காற்று தின்ற மட்கார்டில் ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றை ஒட்டுப்போட்டுச் சீராக்குவேனே தவிர மாற்ற மாட்டேன். ஆனால் என் வண்டி இங்கே முக்கியமல்ல. வெள்ளவத்தை மண்டபங்களில் வாரந்தோறும் யாருக்காவது பொன்னாடை போர்த்துகிறோம். கவிஞருக்கு, பேராசிரியருக்கு, நன்கொடை தந்த வர்த்தகருக்கு, ஏன், என்னைப் போன்ற பத்திரிகைக்காரனுக்கும். மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிய மனிதர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் எழுபதைத் தொட்டிருப்பார்கள். புலம்பெயர்ந்த அன்பர்களே, உங்கள் தந்தையோ மாமாவோ அவர்களில் ஒருவராக இருக்கலாம். பொன்னாடை இருக்கட்டும். ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். நூலகம் என்னும் எங்கள் இணையக் களஞ்சியம் 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்து வருகிறது. எழுதினால் அதிலாவது நிலைக்கும். எழுதாததை எவரும் சேர்த்துவைக்க முடியாது.