‘இந்த பீஸ் போகாது!’ - உங்கள் டி-ஷர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் செக்கிங் கண்கள்

பீரோவைத் திறந்து, உங்களுக்குப் பிடித்த டி-ஷர்ட் ஒன்றை எடுங்கள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். தோள்பட்டைத் தையல், கையின் மடிப்பு, பக்கவாட்டில் ஓடும் ஓவர்லாக்... எங்கேயும் நூல் தொங்கவில்லை. ஓட்டை இல்லை. எண்ணெய்க் கறை இல்லை. ‘டி-ஷர்ட் என்றால் அப்படித்தானே இருக்கும்?’ என்று தோன்றும். தானாக அப்படி அமைந்துவிடுவதில்லை. உங்கள் கைக்கு வரும் முன்பே யாரோ ஒருவர் இதேபோல அதைத் திருப்பிப் பார்த்து, ‘இது போகலாம்’ என்று ஒரு பக்கம் எடுத்து வைத்திருக்கிறார். ‘இது போகாது’ என்று இன்னொரு பக்கம் தள்ளிய பீஸ்களை நாம் பார்ப்பதே இல்லை.

இந்த வாரம், அந்த யாரோ ஒருவரைப் பற்றித்தான்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இந்த வேலைக்குப் பெயர் ‘செக்கிங்’. நீளமான மேசை, தலைக்கு மேலே ட்யூப் லைட், பிசிறு வெட்ட ஒரு சின்ன கத்தரி, குறையைக் காட்ட ஒட்டும் ஸ்டிக்கர். பெரும்பாலும் பெண்கள்தான். என் சித்தி ஒருவரும் பல வருடங்களாக இந்த மேசையில்தான் நிற்கிறார். ‘என்ன சித்தி, பார்க்கிறதுதானே வேலை?’ என்று கேட்டால் சிரிப்பார்.

எட்டு மணி நேர ஷிப்ட்டில் 400 பீஸ் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீஸுக்குக் கிடைப்பது 72 நொடி. அதற்குள் முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம், கழுத்து, கை, பாட்டம், லேபிள், பிரின்ட் எல்லாம் பார்த்து, பிசிறையும் வெட்டி, அடுத்த பீஸை எடுக்க வேண்டும். தண்ணீர் குடிக்கும் நேரமும் இந்தக் கணக்குக்குள்தான்.

இது எவ்வளவு கஷ்டம் என்று தெரிய ஒரு சின்ன விளையாட்டு. இதற்கு மேலே உள்ள பத்தியில் ‘க்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். இன்னொரு முறை எண்ணுங்கள். இரண்டு முறையும் ஒரே எண் வந்ததா? வராவிட்டால் கண்ணில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். ஒரே மாதிரியான பொருளைத் தொடர்ந்து பார்க்கும்போது மூளை ‘சரியாகத்தான் இருக்கும்’ என்று தானே முடிவு செய்துகொண்டு தாவிவிடும். எல்லா பீஸையும் பார்த்தாலும் எல்லாக் குறையும் மாட்டாது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

துணியிலேயே தொடங்கும் பரீட்சை

அதனால்தான் சோதனை, செக்கிங் மேசையில் தொடங்குவதில்லை. துணி உருளையாக வந்தவுடனேயே தொடங்கிவிடுகிறது. வெளிச்சம் அடிக்கும் பலகை மேல் துணியை ஓடவிட்டு, குறைகளுக்கு மார்க் போடுவார்கள். இதற்கு ‘ஃபோர் பாயின்ட் சிஸ்டம்’ என்று பெயர். 3 இன்ச் வரையிலான குறைக்கு 1 பாயின்ட், 6 இன்ச் வரை 2, 9 இன்ச் வரை 3, அதற்கு மேல் 4. ஒரு இன்ச்சுக்கு மேற்பட்ட ஓட்டை என்றால் நேராக 4. பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறாக இங்கே மார்க் ஏற ஏற ஃபெயில். 100 சதுர கெஜத்துக்கு 40 பாயின்ட் தாண்டினால் துணியைத் திருப்பி அனுப்புவது பொதுவான வழக்கம்.

அடுத்து ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. அதற்காக ஒரு மீட்டர் துணியை வெட்டி வீணாக்க மாட்டார்கள். 100 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வட்டமாக வெட்டும் ஒரு கட்டர் இருக்கிறது. அந்த வட்டத்தை எடை போட்டு நூறால் பெருக்கினால் போதும். 1.8 கிராம் என்றால் 180 ஜி.எஸ்.எம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டி-ஷர்ட்டுகளில் ஒன்று மட்டும் தொளதொள என்று இருப்பதற்கு பெரும்பாலும் இந்த எண்தான் காரணம்.

3,000-ல் 125

தைத்து, செக்கிங் முடித்து, அயர்ன் போட்டு, பெட்டியில் அடைத்த பிறகு வருகிறது ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். வெளிநாட்டு பையரின் ஆளோ, அவர் அமர்த்திய வேறு நிறுவனத்தின் ஆளோ வந்து பார்ப்பார். மொத்தத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. மாதிரிக்குச் சிலதை எடுத்துப் பார்ப்பார். எத்தனை என்பதை அவர் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. அதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வாங்கிக் குவித்த பொருள்களைச் சோதிக்க அமெரிக்க ராணுவம் இப்படிப்பட்ட அட்டவணைகளைப் பயன்படுத்தியது. 1950-ல் அது ‘மில் ஸ்டாண்டர்டு 105’ என்ற பெயரில் வந்தது. இன்று உலகம் முழுக்க ஐ.எஸ்.ஓ 2859 என்ற பெயரிலும், நம் நாட்டில் ஐ.எஸ் 2500 என்ற பெயரிலும் இருப்பது அதே வழியில் வந்ததுதான். தோட்டாவுக்குப் போட்ட கணக்கு, குழந்தையின் ஜட்டி வரை வந்திருக்கிறது!

ஆர்டர் 3,000 பீஸ் என்றால், வழக்கமான முறைப்படி 125 பீஸ் எடுக்க வேண்டும். ஆடைகளில் அதிகம் புழங்கும் அளவுகோல் ‘ஏ.க்யூ.எல் 2.5’. அதன்படி 125-ல் பெரிய குறையுள்ள பீஸ் 7 வரை இருந்தால் பாஸ். 8 என்றால் மொத்த லாட்டும் ஃபெயில். எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதை வந்தவர்தான் தேர்வு செய்ய வேண்டும். ‘சார், இந்தப் பெட்டியைப் பாருங்க’ என்று கம்பெனி எடுத்து நீட்டினால் அது சோதனையே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 3,000 பீஸில் 5 சதவிகிதம், அதாவது 150 பீஸ் குறையோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் அந்த லாட் பாஸாக எவ்வளவு வாய்ப்பு? கணக்குப் போட்டுப் பார்த்தால், பத்துக்கு ஏழு முறை பாஸாகிவிடும். ‘இன்ஸ்பெக்‌ஷன் பாஸ்’ என்றால் ‘குறையே இல்லை’ என்று அர்த்தம் அல்ல, ‘குறை இந்த அளவுக்கு இருந்தால் பரவாயில்லை என்று வாங்குபவரும் விற்பவரும் ஒப்புக்கொண்டார்கள்’ என்றுதான் அர்த்தம். கடைசியில் வருபவர் பார்ப்பது வெறும் 125. மீதி 2,875-க்கும் நம்பிக்கை, முன்னாலேயே பார்த்த செக்கிங் அக்காக்கள்தான்.

ஒரே ஒரு ஊசித்துண்டு

சில குறைகளுக்கு மட்டும் இந்தத் தள்ளுபடி கிடையாது. பிசிறு தொங்கினால் சின்னக் குறை. தையல் விட்டிருந்தால் பெரிய குறை. போடுபவருக்குக் காயம் ஏற்படுத்தக்கூடியது என்றால் ‘கிரிட்டிக்கல்’. அதில் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் லாட் ஃபெயில்.

தைக்கும்போது ஊசி உடைவது சாதாரணம். ஆனால், உடைந்த துண்டு குழந்தையின் ஆடைக்குள் தங்கிவிட்டால்? அதனால் ஒழுங்கான கம்பெனிகளில் ஒரு விதி உண்டு. ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்த வேண்டும். எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டி, தேதி போட்டு எழுதினால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அங்கிருந்த பீஸ்களை எல்லாம் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும்.

குழந்தைகளின் உடையில் பட்டனை இழுத்துப் பார்ப்பதும் அப்படித்தான். பிய்ந்து வந்தால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். ஐரோப்பிய பையர்கள் பலர் கேட்கும் அளவு 90 நியூட்டன். அதாவது கிட்டத்தட்ட 9 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எப்படி இழுக்குமோ, அந்த அளவுக்குத் தாங்க வேண்டும். தொப்பி வைத்த சட்டையில் கழுத்தருகே தொங்கும் கயிறு இன்னோர் ஆபத்து. சறுக்கு மரத்திலோ, வண்டிக் கதவிலோ மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும். ஐரோப்பியத் தரவிதிகளில் 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடையில் தலை, கழுத்துப் பகுதியில் இழுகயிறே கூடாது. அமெரிக்காவிலும் சிறுவர்களின் மேல்சட்டையில் கழுத்துக் கயிறு இருந்தால், அது ஆபத்தான பொருள் என்று 2011-லேயே விதி வந்துவிட்டது.

‘கொஞ்சம் பார்த்து விடுங்க!’

விதி எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் குறையுள்ள பொருள் நம் கைக்கு வருகிறது?

லாட் ஃபெயிலானால் எல்லாப் பெட்டிகளையும் பிரித்து மறுபடி பார்க்க வேண்டும். அதற்குள் கப்பல் போய்விடும். விமானத்தில் அனுப்பினால் கிடைக்கும் லாபம் அதிலேயே கரைந்துவிடும். இல்லையென்றால் பையர் விலையைக் குறைப்பார். நாளைக்குக் கன்டெய்னர் ஏற வேண்டும் என்ற இரவில், செக்கிங் மேசையில் ஒருவர் ‘இது போகாது’ என்று ஒரு கட்டை ஒதுக்கினால், அவர் மேல் எத்தனை பேரின் எரிச்சல் விழும்? டெய்லருக்குக் கோபம், ஏனென்றால் பிரித்துத் தைக்க வேண்டும். சூப்பர்வைசருக்குக் கோபம், ஏனென்றால் கணக்கு குறையும். ‘கொஞ்சம் பார்த்து விடுங்க’ என்ற ஒரு வரி போதும். அது கெஞ்சலா, மிரட்டலா என்பது சொல்பவரின் பதவியைப் பொறுத்தது.

“தப்பு பீஸை எடுத்துப் போடறது கஷ்டமில்ல கண்ணு. எடுத்துப் போட்டதை ராத்திரியோட ராத்திரியா யாரும் திரும்பப் பெட்டிக்குள்ள வெக்காம பாத்துக்கறதுதான் கஷ்டம்” என்பார் சித்தி.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால், அது இதுவாக இருக்கட்டும். தரம் என்பது பூதக்கண்ணாடியிலும் மெஷினிலும் மட்டும் இல்லை. ‘போகாது’ என்று சொன்னவரின் வார்த்தைக்கு அந்த கம்பெனியில் மதிப்பு இருக்கிறதா என்பதிலும் இருக்கிறது. செக்கிங் ஆள் புரொடக்‌ஷன் மேனேஜருக்குக் கீழே இருந்தால், யாருடைய தப்பைச் சொல்ல வேண்டுமோ அவரிடமே சம்பளத்துக்கு நிற்க வேண்டும். தரப் பிரிவு தனியாக இயங்கி, முதலாளியிடம் நேரடியாகப் பேச முடிந்தால், அந்த ‘போகாது’ நிலைக்கும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வைத்தாலும் இதே சிக்கல். ஒதுக்கி வைத்து ஸ்டிக்கர் ஒட்டும் நேரத்தில் இன்னும் இரண்டு பீஸ் பார்த்துவிடலாமே என்றுதானே கை போகும்?

ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரம் பற்றிப் பாடம் நடத்திய அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங், கடைசிச் சோதனையை மட்டும் நம்பியிருக்காதீர்கள் என்று வலியுறுத்தியவர். பொருள் தயாராகும்போதே சரியாகத் தயாராக வேண்டும் என்பது அவர் கட்சி. தையல் லைன் நடுவிலேயே நின்று பார்க்கும் ‘இன்லைன்’ சோதனை அதற்காகத்தான். காலை பத்து மணிக்குக் கண்டுபிடித்தால் பத்து பீஸோடு போகும் தப்பு, சாயங்காலம் கண்டுபிடித்தால் ஆயிரமாகிவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

* கடையில் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையலின் இரு பக்கமும் பிடித்து லேசாக இழுங்கள். நூல் பல்லைக் காட்டினால் வேண்டாம்.
* பக்கவாட்டுத் தையல் நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். வாங்கும்போதே முன்பக்கம் சாய்ந்து வந்தால், துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கிக்கொள்ளும்.
* குழந்தைகளின் உடை என்றால் பட்டன், ஸ்டோன், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் இழுத்துப் பாருங்கள். கழுத்தில் கயிறு இருந்தால் உருவிவிடுங்கள். போடும் முன் தையல் ஓரங்களை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.
* காதர்பேட்டை போன்ற இடங்களில் ‘செகண்ட்ஸ்’ வாங்குவது தப்பில்லை. எதற்காகத் தள்ளினார்கள் என்று மட்டும் தேடிப் பாருங்கள். கறையோ, நிற மாறுபாடோ என்றால் லாபம் உங்களுக்கு. தையல் விட்டது என்றால் ஊசி நூலை எடுங்கள்.
* திருப்பித் தரும்போது ‘பிடிக்கவில்லை’ என்று முடித்துவிடாமல், ‘வலது தோளில் தையல் விட்டிருக்கிறது’ என்று காரணத்தைச் சொல்லுங்கள். கம்பெனிக்குப் போய்ச் சேரும் புகாரில் விவரம் இருந்தால்தான், ‘நான் அன்றே சொன்னேனே’ என்று ஒரு செக்கிங் அக்கா தலைநிமிர்ந்து சொல்ல முடியும்.

இதைப் படிப்பவர்களில் செக்கிங் மேசையில் நிற்பவர்களும் இருப்பீர்கள். பனியனாக இருக்கலாம், பட்டாசாக இருக்கலாம், பிஸ்கட்டாக இருக்கலாம். நீங்கள் ‘போகாது’ என்று சொன்ன ஒரு நாளையும், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் எங்களுக்கு எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். உங்கள் பெயரும் வேண்டாம்.