“மீசையை எடுக்க மாட்டேன்!” - அந்தமான் கடலில் ஒரு நாமக்கல் தம்பதி

“நாற்பதடிக் கிணத்துல மேல இருந்து குதிச்சவன் நான். எனக்கு எதுக்குத் தம்பி இந்தச் சட்டை?”

நீட்டிய லைஃப் ஜாக்கெட்டை வாங்காமலேயே கேட்டார் அவர். படகுக்காரப் பையன் சிரித்தான். அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். “கிணத்துக்குக் கரை பக்கத்துலயே இருக்கும்ணே... போட்டுக்கங்க.”

2024-ல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரின் அபர்தீன் படகுத்துறையில், ஒரு காலை நேரத்தில் நடந்த உரையாடல் இது. அவருக்கு 54 வயது. நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை. பக்கத்தில், ஜாக்கெட்டின் எல்லா பக்கிள்களையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் மனைவி. கடையின் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில்தான். கடலோடு அவருக்கு இருந்த பழக்கம், கன்னியாகுமரியில் கால் நனைத்ததோடு சரி. 25-வது கல்யாண நாளுக்கு மகள் எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில் வந்திருந்தார்கள்.

முதல் நாள் பயணம், மோட்டார் படகில் ராஸ் தீவு, அடுத்து நார்த் பே. ராஸ் தீவில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கட்டடங்களை ஆலமர வேர்கள் விழுங்கிக்கொண்டிருப்பதையும், மான்கள் பயமில்லாமல் பக்கத்தில் வருவதையும் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். நார்த் பே நெருங்கும்போது பையன் கை நீட்டினான். “பழைய சிவப்பு 20 ரூபா நோட்டுக்குப் பின்னாடி ஒரு லைட் ஹவுஸ், தென்னை மரம்லாம் இருக்குமே... அது இந்தக் கரைதான்.” எல்லோரா படத்தோடு 2019-ல் புது நோட்டு வரும்வரை, தினமும் கல்லாவில் எண்ணிய நோட்டு. “இத்தனை வருஷமா இங்கதான் குடியிருந்திருக்கோம்” என்றார் மனைவி.

நார்த் பேயில்தான் ஸ்நார்கெலிங். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி, வாயில் கடித்துக்கொள்ள ஒரு குழாய். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்தபடியே கீழே இருக்கும் பவளப்பாறைகளைப் பார்க்கலாம். நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வழிகாட்டி மிதவை வளையத்தைப் பிடித்து இழுத்துச் செல்வார்.

இறங்குவதற்கு முன் வழிகாட்டி கேட்டார். “பிரஷர், வீசிங், ஹார்ட் பிரச்னை ஏதாவது இருக்கா சார்?”

“ஒண்ணும் இல்ல தம்பி.”

மனைவி திரும்பிப் பார்த்தார். ஆனால், எதுவும் சொல்லவில்லை.

முதல் தடவை முகத்தைக் கவிழ்த்ததுமே முகமூடிக்குள் தண்ணீர். இரண்டாவது தடவையும் அதே கதை. வழிகாட்டிக்குக் காரணம் புரிந்துவிட்டது. “மீசைதான் சார். முடி இருக்கிற இடத்துல ரப்பர் தோலோட ஒட்டாது. மூக்குக்குக் கீழ ஒரு கோடு மாதிரி மழிச்சா போதும்...”

“மீசையை எடுக்க மாட்டேன்!”

மூன்றாவது தடவை, பதற்றத்தில் மூக்கால் மூச்சிழுக்கப் போய் உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கியது. இருமிக்கொண்டே எழுந்து நின்றார். தண்ணீர் இடுப்பளவுதான். ஆனாலும் மூச்சு வாங்கியது. கரைக்கு வந்து உட்கார்ந்த பிறகும் நிற்கவில்லை. இடது நெஞ்சைக் கை தடவிக்கொண்டே இருந்தது.

“ஏனுங்க... வலிக்குதுங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள. உப்புத் தண்ணி.”

அவர் மனைவி அன்று கடலில் இறங்கவே இல்லை.

ராத்திரி, விடுதி அறையில் மாத்திரை அட்டையை மேஜை மீது வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டிய பரிசோதனைக்கு, கடை வேலையைச் சொல்லி இந்த முறை போகவில்லை.

“அந்தத் தம்பிகிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா எறக்க மாட்டாங்க.”

“எறக்கலைன்னா ஒரு மீனு பார்க்காமப் போவீங்க. எறங்கி ஏதாவது ஆயிருந்தா, நான் யாருகூட ஊருக்குப் போவேன்?”

பதில் இல்லை. மறுநாள் காலையில் அவரே டாக்டருக்கு போன் செய்தார். பரிசோதனை முடியும்வரை தண்ணீருக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

ஸ்நார்கெலிங் பார்க்கச் சும்மா மிதப்பது போலத்தான் தெரியும். ஆனால், உடல் தண்ணீருக்குள் இருக்கும்போது கை கால்களில் உள்ள ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும். இதயத்துக்கு வேலை கூடும். குழாய் வழியாக இழுப்பதால் மூச்சும் சாதாரணமாக இழுப்பதைவிடக் கடினம். அதோடு பயமும் சேர்ந்தால் படபடப்பு ஏறும். இதயப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது என்பது இதனால்தான்.

அடுத்த நாள் வண்டூர். மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் படகு கிளம்பும் இடம். 1983-ல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவில் 15 தீவுகள் உண்டு. இங்கிருந்து ஜாலி பாய் தீவுக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். தூக்கி எறியும் பிளாஸ்டிக் எதுவும் கூடாது. சதுப்புநிலக் காடுகள் சூழ்ந்த தீவுகளுக்கு நடுவே படகு போனது. தீவில் படகுத்துறை கிடையாது என்பதால், கண்ணாடித் தளம் போட்ட சின்னப் படகுக்கு மாற வேண்டும்.

இந்த முறை வழிகாட்டி கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார். “தம்பி, எனக்கு ஸ்டென்ட் இருக்கு. நான் எறங்கல. இவங்க எறங்குவாங்க.”

“நானா? நீங்க இல்லாமலா?” மனைவி பதறினார்.

“நான் இந்தக் கண்ணாடி வழியாப் பார்த்துட்டே இருக்கேன். நீ போ புள்ள.”

கரையோரத்திலேயே பத்து நிமிடம் பயிற்சி. வாயால் மெதுவாக இழுத்து, மெதுவாக விடணும். முகமூடிக்குள் தண்ணீர் வந்தால் மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதணும். ஐந்தாறு முறை பயந்து எழுந்தவர், ஏழாவது முறை எழவில்லை.

கீழே, மூளையின் மடிப்புகளோடு பெரிய பந்து மாதிரிப் பவளங்கள். 2010-ல் கடல் சூடானதில் அந்தமானின் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்துப்போயின. அப்படி மடிந்த பாறைத் துண்டுகளும் ஆங்காங்கே கிடந்தன. அவற்றுக்கு நடுவே புதுப் பவளங்கள் விரல் விட்டிருந்தன. கிளி மீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம்கூடக் கேட்டது. ஒரு கடல் சாமந்திக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஒன்று எட்டிப் பார்த்தது.

மேலே, கண்ணாடிப் படகு அந்தப் பக்கமாக வந்தது. கண்ணாடி மேல் குனிந்திருந்த கணவர், மீன்களைத் தேடவில்லை. சற்றுத் தள்ளித் தண்ணீருக்குள் ஒரு ஆரஞ்சு ஜாக்கெட் தெரிந்தது. ஒரு கை வளையத்தைப் பிடித்திருக்க, இன்னொரு கை அவரைப் பார்த்து ஆடியது. கண்ணாடியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார், அது கேட்காது என்று தெரிந்தும்.

திரும்பும் வழியெல்லாம் அவர் மனைவிதான் பேசினார். வழிகாட்டி ஒரு தகவல் சேர்த்தார். “கோமாளி மீன் குடும்பத்துல பெண்தான் பெருசு, அதுதான் தலைவி. தலைவி செத்துட்டா, ஜோடி ஆண் மீன் பெண்ணா மாறிடும்.”

“வீட்டுத் தலைவின்னா நம்ம வீடேதான்” என்று மீசையைத் தடவினார் கணவர்.

“பேச்சு அப்புறம். ஊருக்குப் போனதும் மொத வேலையா டாக்டர்கிட்ட போறோம்” என்றார் மனைவி. தலையாட்டினார்.

நீங்களும் கிளம்புகிறீர்களா?

* இதயம், ரத்த அழுத்தம், ஆஸ்துமா பிரச்னை இருந்தால் பயணத்துக்கு முன்பே டாக்டரிடமும், படகில் ஏறும்போது வழிகாட்டியிடமும் சொல்லிவிடுங்கள்.

* கிணறு, ஆற்றில் நீந்தியவர்களுக்கும் கடலில் லைஃப் ஜாக்கெட் அவசியம்.

* மூச்சு வாங்கினாலோ, படபடத்தாலோ உடனே மேலே வாருங்கள். துணையில்லாமல் இறங்காதீர்கள்.

* பவளம் உயிருள்ளது. அதன் மேல் நிற்காதீர்கள். 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், ஒரு துண்டு எடுத்து வந்தாலும் குற்றம்.

* மீசை உள்ளவர்கள் முகமூடியை முதல் நாளே முகத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். எடுப்பதா, வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு ராத்திரியாவது தேவைப்படும்!