பட்டனைத் தட்டினால் மூளை மழுங்குமா?



"கால்குலேட்டரைத் தட்டித் தட்டியே உங்க மூளை மழுங்கிப் போச்சு!" இந்த அர்ச்சனையை வாங்காதவர் நம்மில் உண்டா? அதிலும் புரோகிராம் போடுகிற கால்குலேட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். பரீட்சை ஹாலில் அதை விடுவதில்லை, அது நியாயம்தான். ஆனால் லேபிலும் கூடாது என்பது நியாயமா?

என் கதையையே சொல்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவன். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள். சந்தேகம் கேட்க வீட்டில் யாருமில்லை. தொகையீடு என்றாலே எனக்கு உதறல்.

மேலிருந்து ஒரு பந்து விழுகிறது. காற்றுத் தடை இல்லையென்றால் நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் வேகம் கூடும், அவ்வளவுதான். தடையையும் சேர்த்தால்? வேகத்தின் வர்க்கத்தை 0.02-ஆல் பெருக்கி 9.8-லிருந்து கழித்தால் முடுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரம் தேடி முழித்தேன். சீனியர் அண்ணன் ஒருவர் தன் பழைய கால்குலேட்டரைக் கொடுத்து, "முடுக்கத்தைக் கண்டுபிடி, நேர இடைவெளியால் பெருக்கு, பழைய வேகத்தோடு கூட்டு, திரும்பவும் அதையே செய்" என்றார். இதுதான் ஆய்லர் முறையாம்!

ஒரு நொடி இடைவெளியில் போட்டேன். 2-வது நொடியில் வேகம் 17.68 வந்தது. அரை நொடியாக்கினேன், 16.61. சரியான விடை 15.70. இடைவெளி பாதியானால் பிழையும் ஏறக்குறைய பாதி! தொடர்ந்து ஓட்டினால் வேகம் 22.14-ஐ எட்டி நின்றுவிட்டது. ஏன்? அங்கே தடையும் ஈர்ப்பும் சமம். மனப்பாடம் செய்தபோது புரியாதது அன்றைக்குத்தான் புரிந்தது.

புரியாதவனால் புரோகிராம் எழுத முடியாது, நண்பர்களே. மெஷினுக்குச் சொல்லித் தருபவன் முதலில் தான் தெரிந்திருக்க வேண்டும். 1974-ல் வந்த எச்.பி.-65-ல் மொத்தமே 100 படிகள்தான். 1975-ல் அப்பல்லோ–சோயுஸ் விண்வெளிப் பயணத்துக்கே அதைக் கொண்டுபோனார்கள்!

என் அப்பா கொத்தனார். அவரிடம் இதைச் சொன்னேன். "ரசமட்டம் வச்சுப் பாக்குறவனைத் தொழில் தெரியாதவன்னு எவனாவது சொல்வானாடா?" என்றார். மட்டம் எதற்கு என்று தெரியாமல் வைப்பவனுக்குத்தான் சுவர் கோணும்.

விலை கொடுத்து வாங்க நம்மில் பலருக்கு வசதியில்லை. எனவே நம் சங்கம் முயன்று இயற்பியல் லேபுக்குப் பத்து கால்குலேட்டராவது வாங்கித் தரட்டும். வாரம் ஒரு மணி நேரம் போதும். என்னைப் போல் கணக்கைக் கண்டு ஓடுகிறவன் ஒருவன் நின்று திரும்பிப் பார்த்தாலும் அது லாபம்தானே? சிந்திப்போம், செயல்படுவோம்!