அம்பாசடருக்குப் புது எஞ்சின் எதற்கு?



நம்ம நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஷெட்டுக்குள் கிடக்கும் அம்பாசடர்கள் மேல் இளைஞர்களுக்கு இப்போது ஆசை வந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் எல்லோரும் கேட்பது, "சார், புது டீசல் எஞ்சின் போட்டுரலாமா?" என்றுதான். நம் குடும்பத்து 1972 மாடல் மார்க் 2-க்கு மருமகன் ஒருவன் எஞ்சினுக்கு விலையே பேசிவிட்டான். வேண்டாம் மருமகனே.

அந்த வண்டியின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்குச் சுமார் 50 குதிரைத்திறன். பிரேக், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாம் அதற்கு அளவெடுத்துச் செய்தவை. பள்ளியில் படித்ததை நினைத்துப் பாருங்கள்: இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி 90-இல் போனால், பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் 2.25 மடங்கு. மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்கும்போது கூடுதல் எடையோடு டிரம் பிரேக் சூடேறினால் என்ன ஆகும்?

முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பார். முறுக்கிக்கொண்டே எடையைத் தாங்கும் எஃகுத் தண்டு. கனமான டீசல் எஞ்சினை வைத்தால் மூக்கு தாழும், ஸ்டீயரிங் கனக்கும், டயர் தேயும். அதைச் சரிக்கட்ட வேறு காரின் ஸ்பிரிங்கை வெல்டிங் வைக்கிறார்கள். 1990-களில் கம்பெனியே இசுசு 1800 எஞ்சினைப் போட்டபோது ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே போட்டது.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021 விதிப்படி 50 வயது தாண்டிய கார் 'விண்டேஜ்' பதிவு பெறலாம். ஆனால் எஞ்சினும் சேசிஸும் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். எந்தப் பதிவு வேண்டும் என்று பிறகு யோசிக்கலாம். அசல் எஞ்சின் போய்விட்டால் யோசிக்கவே இடமில்லை.

டாக்ஸி ஓட்டியவர்கள் பெட்ரோல் விலை தாங்காமல் டீசலுக்கு மாறினார்கள். அது வயிற்றுப்பாடு, குறை சொல்ல மாட்டேன். எப்போதாவது வெளியே எடுக்கிற வண்டிக்கு அந்த நியாயம் பொருந்தாது.

அப்படியானால் செலவை எதில் செய்வது? எஞ்சினை ரீபோர் செய்து பிஸ்டன், ரிங் மாற்றுங்கள். பிரேக் லைனிங், பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ், வயரிங் எல்லாம் புதிதாகப் போடுங்கள். சீட் பெல்ட் மாட்டுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பழமை பார்க்க வேண்டாம்.

2014-இல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது. இந்த எஞ்சினைக் காதால் கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக்குகளுக்கும் வயதாகிறது. பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் அப்படி யாரையாவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். மருமகனை முதலில் அவரிடம் அனுப்புகிறேன்.