தவிடு தின்னும் கெண்டைக்கு நொதிப் பொடி தேவையா?

கேள்வி: ஒரகடம் அருகே பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மீனுக்கு அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான் தீவனம். ‘சத்து குடலில் ஒட்டவில்லை, அதனால்தான் எடை ஏறவில்லை’ என்று சொல்லி, ‘பைட்டேஸ்’ நொதிப் பொடியை ஒருவர் விற்கப் பார்க்கிறாராம். வாங்கலாமா என்று கேட்கிறார்.

பதில்: விற்பவர் சொல்வதில் பாதி உண்மை. தவிட்டில் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டிக் அமிலத்தில் பூட்டிக் கிடக்கிறது. அதைப் பிரிக்கும் நொதி மீனின் குடலில் போதிய அளவு இல்லை. துத்தநாகம், சுண்ணாம்புச் சத்து, கொஞ்சம் புரதம் எல்லாவற்றையும் அந்த அமிலம் பிடித்து வைத்துக்கொண்டு, கழிவோடு வெளியே போய்விடுகிறது. அதைப் பிரித்துக் கொடுப்பதுதான் பைட்டேஸின் வேலை.

மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. கெண்டை இன மீன்களுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. அங்கே புளிப்புத்தன்மை இல்லை. சந்தையில் கிடைக்கும் பைட்டேஸ் பெரும்பாலும் புளிப்பான இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும். கோழிக்கும் திலேப்பியாவுக்கும் வயிற்றில் அமிலம் சுரக்கிறது, அவற்றுக்குச் சரி. கோழிக்குப் பலித்தது ரோகுவுக்கும் அப்படியே பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மும்பையில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் ரோகு குஞ்சுகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் பைட்டேஸும், கூடவே 3 சதவிகிதம் சிட்ரிக் அமிலமும் சேர்த்தபோது தாதுக்கள் உடலில் சேர்வது கூடியது. ஆனால், அது தொட்டியில் நடந்த சோதனை. சாணம் இட்டுப் பச்சை பிடித்த குட்டையில் மீனுக்கு மிதவை உயிரிகள் மூலமாகவும் தாது கிடைக்கும். அங்கே அதே அளவு பலனை எதிர்பார்க்கக் கூடாது.

செலவைக் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். 1 கிலோ மீனுக்கு 2 கிலோ தீவனம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நொதி சேர்த்து அது 1.8 கிலோவாகக் குறைந்தால், 500 கிலோ மீனுக்கு 100 கிலோ தீவனம் மிச்சம். ஆனால், தின்ற 900 கிலோ தீவனத்துக்கு சிட்ரிக் அமிலம் மட்டுமே 27 கிலோ வேண்டும், பைட்டேஸ் தனி. 100 கிலோ தீவனத்தின் விலையைவிட இது கூடுதலானால், லாபம் பொடி விற்றவருக்குத்தான்.

காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. கோதுமைத் தவிட்டில் இயற்கையாகவே பைட்டேஸ் நிறைய இருக்கிறது. அரிசித் தவிட்டோடு அதில் ஒரு பங்கைக் கலந்து, வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் உருட்டி வைக்கலாம். லேசாகப் புளித்தால் நல்லது. பூஞ்சை வாசம் வந்தால் கொட்டிவிட வேண்டும். கொதிக்க வைத்தால் நொதி செத்துவிடும். அதனால் வேகவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஊறிய பிறகே வேகவைக்க வேண்டும். கடையில் வாங்கிய பொடி என்றால், தீவனம் ஆறிய பிறகு.

கேன்டீனில் மிஞ்சும் சோற்றையும் போடலாமா என்று அதே கடிதத்தில் கேட்டிருக்கிறார். எண்ணெய், குழம்பு கலந்தது வேண்டவே வேண்டாம், தண்ணீர் கெட்டுவிடும். வெறும் சோறு வயிற்றை நிரப்பும், புரதம் அதில் குறைவு.

பொடியை வாங்கியே பார்ப்பதானால் ஒரு பொட்டலம் போதும். அளவு யூனிட்டில் அச்சிடாத பொட்டலத்தைத் தொடக் கூடாது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்தாலும் வெளியே தெரியாது. குட்டைக்குள் ஒரே அளவில் 2 ஹாப்பா வலை கட்டி, ஒரே எடைக் குஞ்சுகளைச் சம எண்ணிக்கையில் விட்டு, ஒன்றுக்கு மட்டும் பொடி கலந்த தீவனம் வைக்கலாம். 15 நாளுக்கு ஒருமுறை இரண்டிலும் 20 மீன்களை எடை போட்டு, வைத்த தீவனத்தையும் சேர்த்து நோட்டில் எழுதி வந்தால், 2 மாதத்தில் விடை கையில் இருக்கும்.